ஒரு விரல் மிச்சம்

பாட்டிலில் நாலு விரல் மிச்சம் இருந்தது. அதை வாங்கிய பிரெஞ்சுக்காரத் தம்பதி மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, பங்களா ஹோட்டலின் புல்வெளியில் பனிமூட்டத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மேசை துடைக்கப் போனவன். சின்னப் பாட்டில், உள்ளே பொன் நிறம், லேபிளில் சோத்தேர்ன் என்று எழுதியிருந்தது. தக்கையை எடுத்து மூக்கில் வைத்தேன். வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். முதலில் தேன். பிறகு வெயிலில் காய்ந்த ஆரஞ்சுத் தோடம்பழத் தோல். பிறகு நாளைக்கு வெடிக்கப்போகிற பலாப்பழம். எல்லாவற்றுக்கும் அடியில், மழை விட்ட காலையில் விறகுக் கட்டிலிருந்து வருமே, ஒரு பூசண வாசம், அது லேசாக.

ஒரே நேரத்தில் இரண்டு நினைப்பு வந்தது. இந்த ஒரு வைனை வைத்தே இந்தப் பங்களாவில் ஒரு விருந்து நடத்திவிட வேண்டும் என்பது ஒன்று. அப்படியென்றால் கொழும்பு அத்தை சொன்னது பொய்யில்லை என்பது மற்றது.

அவரை எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பன்னிரண்டு வயதில் கொழும்பில் ஒரு துரை வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டு, முப்பத்தாறு வருஷம் அதே வீட்டில் இருந்து, முழங்கால் போனதும் லிந்துலைக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர். எனக்கு ரத்த உறவு இல்லை. எங்கள் காம்பராவுக்குப் பக்கத்துக் காம்பரா, அதனால் அத்தை. “பூசணம் புடிச்ச திராட்சையில ஒரு சாராயம் இருக்கு, பவுனு கலர்ல. பேரு சோத்தேன்” என்று வந்த புதிதில் ஒருமுறை சொல்லிவிட்டார். அதோடு சரி. “என்னா அத்தை, இன்னைக்கு சோத்துத் தண்ணி குடிச்சாச்சா?” என்று மலையூற்றுக் குழாயான பீலியில் தண்ணீர் பிடிக்கும் பிள்ளைகள்கூடக் கேட்கும். அவர் அந்தப் பிள்ளையின் குடத்தைக் காலால் தட்டிவிட்டுப் போவார்.

நல்லவர் என்று எழுத ஆசைதான். எழுதினால் முதலில் என் அம்மாவே சிரிப்பார்.

அத்தைக்கு மனிதர்களின் முகம் முக்கியமில்லை. அவர்கள் எதை மிச்சம் வைக்கிறார்கள் என்பதைத்தான் பார்ப்பார். சடங்கு வீடு, கல்யாண வீடு எதுவானாலும் பந்தியில் உட்காரமாட்டார். இலைக்குப் பதிலாக விரித்துச் சாப்பிட்ட லஞ்ச் சீட்டைக் கொண்டுபோய்ப் போடும் வாளிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். “கண்டாக்கையா கறியத் தின்னுட்டு சோத்த ஒதுக்கிட்டாரு. வீட்டுலயும் அப்புடித்தானாம்ல?” என்று ஊருக்கே கேட்கும்படி சொல்வார். தோட்டத்தில் வேலை வாங்கும் கண்டாக்கையாவின் மனைவி அங்கேதான் நிற்பார். கட்டாருக்கு வேலைக்குப் போய் நாலு வருஷமாக ஒரு போன்கூட எடுக்காத மகனை நினைத்துக்கொண்டிருந்த மேல் லயத்து அக்காவிடம், “அவன் போறப்ப உன்னைய மிச்சம் வச்சுட்டுப் போயிட்டான், வாளியில போடத்தான் ஆளில்ல” என்றார். அந்த அக்கா இரண்டு நாள் மலைக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகவில்லை. அத்தைக்கு அதில் ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்து, கோப்பையைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டிக் காட்டினார். ஒரு சொட்டு விழக்கூடாது. அது அவருடைய பழக்கம்.

நான் ஹோட்டல் டிப்ளோமாவோடு வந்து இறங்கிய அன்று அம்மா லட்டு கொடுத்தார். அத்தை ஒன்றை எடுத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எச்சி கிளாஸு கழுவ டிப்ளோமாவா மருமகனே? நான் சும்மாவே கழுவுனேனே.”

லயமே சிரித்தது. அம்மா உள்ளே போய்விட்டார். ஒரு வருஷம் கழித்து நினைத்துப் பார்த்தால், அத்தை சொன்னதில் தப்பு என்னவென்றால், கிளாஸ் கழுவக்கூட என்னை விடவில்லை. விருந்தினரின் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தேன். மேசை துடைக்க விட்டதே ஆள் குறைந்த வாரத்தில்தான்.

ஆகவே அந்த நாலு விரல் வைனை நியூஸ்பேப்பரில் சுற்றி, கூடவே ஒரு வைன் கிளாஸையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மாலை நாலு மணிக்கு அத்தையின் இஸ்தோப்பில் போய் நின்றேன். லயத்துக் காம்பராவின் முன்பக்கத் தாழ்வாரம்தான் இஸ்தோப்பு. அவர் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பேப்பரைப் பிரித்ததும் கை நின்றுவிட்டது.

“பாட்டில் மிச்சமா, கிளாஸ் மிச்சமா?”

“பாட்டில்தான் அத்தை. யாரு வாயும் படல.”

“கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. எனக்கு வித்தியாசம் தெரியும்.”

பாட்டிலைக் கையால் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார். “தூக்கிட்டு ஓடியாந்தியா? காய்ச்சக்காரன் மாதிரி கொதிக்குது. பீலிக்கடியில வை.” எங்கள் பீலி மலையிலிருந்து நேராக வருவது, கைவைத்தால் குளிர் எலும்பு வரைக்கும் ஏறும். அரை மணி நேரம் நான் பீலிக்கரையில் நின்று பாட்டிலுக்குக் காவல் காத்தேன். டிப்ளோமாப் புத்தகத்தில் இதற்கு எத்தனை டிகிரி என்று போட்டிருந்தது. அத்தையிடம் அந்த டிகிரி, பீலித் தண்ணீரில் கை விறைக்கத் தொடங்கும் நேரம்.

பிறகு ஊற்றினேன். “ஆட்டுக்குத் தண்ணி காட்டுறியா?” என்றார். பாதியைத் திருப்பிப் பாட்டிலுக்குள் விட்டேன். “நீயே மொதல்ல குடி.”

இந்த இடத்தில்தான் என் படிப்பு காற்றில் போனது. கிளாஸைச் சுற்றவேண்டும், முகர வேண்டும், ஒரு மிடறு எடுத்து நாக்கில் உருட்டவேண்டும் என்று பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியவன் நான். ஆனால் வயதில் பெரியவர் முன்னால், லயத்து இஸ்தோப்பில், இன்னொருவருக்கும் போகப்போகிற பாத்திரம் கையில் இருந்தால் என்ன செய்வோம்? தலையை அண்ணாந்து, கிளாஸை ஒரு சாண் மேலே பிடித்து, உதடு படாமல் தொண்டைக்குள் ஊற்றினேன். நாங்கள் செம்பில் குடிப்பதும் அப்படித்தான், சோடாப் போத்தலில் குடிப்பதும் அப்படித்தான்.

முதுகில் ஒரு அடி விழுந்தது.

“மூக்க எங்கடா வச்ச? வானத்தப் பாத்துக் குடிக்கிறதுக்கு இது என்னா கோயில் தீர்த்தமா?”

“எச்சி படுமேன்னு…”

“படணும். ஒதடு படணும், மூக்கு உள்ள போகணும். இதுல பாதி மூக்குலதான் இருக்கு. எச்சி பாக்குறவன் தண்ணி குடி.”

கிளாஸைப் பிடுங்கி, அடியில் தண்டைப் பிடித்து, அவர் குடித்தார். கண்ணை மூடவில்லை. பொலிஸ்காரர்கள் வரிசையாக ஆட்களை நிறுத்தி அடையாளம் காட்டச் சொன்னால் எப்படிப் பார்ப்போமோ அப்படி எதிர்ச் சுவரைப் பார்த்தபடி குடித்தார். “வயசு பத்தல. துரைகிட்ட இருந்தது இதவிட கறுத்திருக்கும், வெல்லப்பாகு மாதிரி. இதுக்குப் பக்கத்துல பச்சப் பூசணம் ஓடுன பால்கட்டி வைப்பாங்க. கருவாட்டு நாத்தம். ஆனா ரெண்டும் சேந்தா…” கிளாஸைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினார். ஒன்றும் விழவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. “துரைசாணி உங்களுக்கும் ஊத்திக் குடுப்பாங்களா அத்தை?” என்று கேட்டேன்.

அவர் சிரித்த சத்தத்துக்கு, பீலியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

கொழும்பு வீட்டில் விருந்து முடிந்து கிளாஸ்களைத் தட்டில் அடுக்கிக் கொண்டுவருவார். குசினிக் கதவுக்குப் பின்னால் ஒவ்வொன்றிலும் ஒரு விரல், அரை விரல் இருக்கும். அதைக் குடித்துவிட்டுத்தான் கழுவுவார். ஒரே ஒரு விதி: உதட்டுச் சாயம் ஒட்டிய கிளாஸைத் தொடமாட்டார். “சாயம் ஒட்டலேன்னா எச்சி இல்லன்னு நானே வச்சுக்கிட்டேன்.” ஒருநாள் துரைசாணி பார்த்துவிட்டார். திட்டவில்லை. அடுத்த விருந்தில் தன் கிளாஸில் ஒரு விரல் மிச்சம் வைத்து, எல்லோருக்கும் முன்னால் அத்தையைக் கூப்பிட்டு, “இந்தா, உனக்குப் பிடிக்குமே” என்று நீட்டினார். விளிம்பில் சிவப்பு. விருந்தாளிகள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு விருந்திலும் அது ஒரு விளையாட்டானது. கடைசியாக அந்த வைன் வரும்போதே அவரைக் கதவோரம் வந்து நிற்கச் சொல்வார்கள்.

“நீங்க என்னா செஞ்சீங்க?”

“குடிச்சேன்.” முகத்தில் ஒன்றுமில்லை. “நல்ல சாராயம்டா அது. அவ சிரிச்சான்னு கசந்துருமா?”

எண்ணெய்க் கையோடு என் காதைப் பிடித்துத் திருகினார். “இத லயத்துல எவன் வாயிலயாவது கேட்டேன், நாக்க அறுத்துப் பீலியில போட்ருவேன்.” சத்தியமாகச் சொல்கிறேன், லயத்தில் ஒருவரிடமும் நான் சொல்லவில்லை.

மேனேஜரைச் சம்மதிக்க வைக்க மூன்று வாரம் ஆனது. தினமும் ஒரு புதுப் பட்டியலோடு அவர் அறைக்குப் போய் நின்றேன். கடைசியில் அவர் சிங்களத்தில், “ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகல் விருந்து. பன்னிரண்டு பேர். சரியாக வந்தால் வைன் மேசை உன்னுடையது. வராவிட்டால் மறுபடி பெட்டி, வருஷம் முடியும்வரை பெட்டி” என்றார். நான் தொதல், பனங்கட்டி, பால்சோறு என்று இனிப்பாகவே எழுதி அத்தையிடம் காட்டினேன். “இனிப்புக்குப் பக்கத்துல இனிப்பு வச்சா ரெண்டும் செத்துரும், உன்னையப் போலவே” என்று காகிதத்தைக் கிழித்தார். உப்புப் போட்டு வறுத்த பலாக்கொட்டை, பச்சைப் பூசணப் பால்கட்டிக்கு மேலே மிளகு, காரமாக ஒரு கோழி. அவர் சொன்னதுதான் மெனு. மெல்லிய கிளாஸ்களைக் கையாள ஆளில்லை என்று மேனேஜரிடம் சொல்லி, அன்றைக்கு ஒரு நாள் அத்தையைக் குசினிக்கும் அழைத்துக்கொண்டேன். வெள்ளைச் சேலையை நாலு ஊசி போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். பீலித் தண்ணீரை இரண்டு கேனில் பிடித்துவரச் சொல்லி, ஐஸ் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டார். பாட்டில் வெளியே போகும்போது ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தே விட்டார்.

பன்னிரண்டு பேரும் கொழும்பிலிருந்து வந்தவர்கள். பலாக்கொட்டை வரைக்கும் நன்றாகப் போனது. அதற்குப் பிறகு நான் பேசத் தொடங்கினேன். ஏப்ரிகொட் வாசம், குங்குமப்பூ வாசம், ஆற்றங்கரைப் பனியில் பழத்தில் ஏறும் பூசணம் என்று மனப்பாடம் செய்த ஆங்கிலம் எல்லாம். ஏப்ரிகொட் பழத்தை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அது என் குரலில் தெரிந்திருக்கும். ஒருவர் போனைப் பார்த்தார். ஒருவர் கொட்டாவியைக் கையால் மறைத்தார். தூணோரம் நின்ற மேனேஜர் கைக்கடிகாரத்தைத் திருப்பினார். அந்த ஒரு திருப்பலில் எனக்குப் பன்னிரண்டு மாதத்துப் பெட்டிகளும் வரிசையாகத் தெரிந்தன.

“இந்த வைனை முப்பது வருஷம் குடித்த ஒருவர் இங்கே இருக்கிறார்” என்றேன்.

தலைகள் நிமிர்ந்தன. அதோடு நிறுத்தியிருந்தாலும் போதும். நிறுத்தவில்லை. குசினிக் கதவு, தட்டு, ஒரு விரல் மிச்சம், உதட்டுச் சாயம், துரைசாணி நீட்டிய கிளாஸ் எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகச் சொன்னேன். அத்தையின் குரலைக்கூட ஆங்கிலத்தில் நடித்துக் காட்டினேன். நான் தமிழில் சொல்லவில்லையே, அவருக்கு எங்கே புரியப்போகிறது என்று நினைத்தேன். முப்பத்தாறு வருஷம் ஆங்கிலம் மட்டும் பேசிய வீட்டில் கதவோரம் நின்றவரைப் பற்றி இப்படி நினைக்க, என்னைப்போல் டிப்ளோமா படித்தவனால்தான் முடியும்.

சிரித்தார்கள். போன்கள் கவிழ்ந்தன. மேனேஜரும் சிரித்தார். பாட்டில் அவ்வளவு நேரமும் வெயிலில் மேசைமேல் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அப்போதுதான் நடுவில் உட்கார்ந்திருந்த அம்மணி, தன் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு விரல் இருந்தது. விளிம்பில் சிவப்பு.

“அவரைக் கூப்பிடுங்களேன். பாவம், இது அவருக்கு.”

நான் மேனேஜரைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார்.

நான் கூப்பிட்டேன். “அத்தை, கொஞ்சம் வாங்க.”

சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். முழங்கால் வலியில் ஒரு பக்கம் சாய்ந்த நடை. கிளாஸைப் பார்த்தார், விளிம்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவ்வளவு நேரம் யாரையும் முகம் பார்க்காதவர் என்னை முகம் பார்த்தார். கிளாஸை வாங்கி, தலையை அண்ணாந்து, ஒரு சாண் மேலே பிடித்து, உதடு படாமல் ஊற்றினார். பொன் நிறத்தில் ஒரு மெல்லிய கோடு நேராக வாய்க்குள் இறங்கியது. ஒரு சொட்டும் சிந்தவில்லை. மேசை கைதட்டியது.

கிளாஸை வெள்ளைத் துணியில் கவிழ்த்து வைத்தார். அம்மணியைப் பார்த்து, நான் பரீட்சையில் பேசியதைவிடச் சுத்தமான ஆங்கிலத்தில், “நல்ல வைன் மேடம். ஆனால் சூடு ஏறிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள், பையன் புதுசு” என்றார்.

இந்தச் சிரிப்பு முதல் சிரிப்பைவிடப் பெரிதாக இருந்தது. காது வரைக்கும் சுட்டது. அவர் குசினிக்குப் போய், மிச்சமிருந்த கிளாஸ்களை எல்லாம் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டு, என்னிடம் சொல்லாமல் நடந்தே லயத்துக்குப் போய்விட்டார்.

வைன் மேசை எனக்குக் கிடைத்தது. அந்தக் கதையை அடுத்த ஞாயிறும் சொல்லச் சொன்னார் மேனேஜர். சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது கதவோரம் யாரும் இல்லையென்பது ஞாபகம் வந்து, பாதியில் கோழியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டேன். வைன் மேசைக்காகக் கொடுத்த, திராட்சைக் கொத்து போட்ட பித்தளை பேட்ஜ் இன்னும் என் சட்டையில்தான் இருக்கிறது.

அத்தை என்னைத் திட்டவில்லை. நாக்கை அறுக்கவில்லை. “என்னாடா செஞ்ச அதுக்கு? ஒரு மாசமா எங்கூட சண்டையே போடல” என்று அம்மா பயந்துபோய்க் கேட்டார். சடங்கு வீடுகளில் வாளிக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நான் இஸ்தோப்பைத் தாண்டும்போது மட்டும், கையில் இருக்கிற தேத்தண்ணிக் கோப்பையை மறு கையால் மூடிக்கொள்வார். அடுத்த மழைக்கு முன்னால், பொல்பிட்டியவில் இருக்கும் தங்கச்சி மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று வருஷம் ஆகிவிட்டது.

போன வாரம் ஒருவர் கிளாஸில் ஒரு விரல் மிச்சம் வைத்துவிட்டுப் போனார். குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று அதைக் கையில் எடுத்தேன். என்னால் உதடு வைக்க முடியவில்லை. சாயம்கூட ஒட்டியிருக்கவில்லை.

வருகிற ஞாயிறு லீவு போட்டிருக்கிறேன். முதல் பஸ்ஸில் ஹட்டன், அங்கிருந்து பொல்பிட்டிய. கறுத்த நிறத்தில், வயது கூடின ஒரு அரைப் பாட்டில் எடுத்து வைத்தாயிற்று. மலைக்குக் கீழே இருக்கிற ஊர், சூடு அதிகம். அங்கத்தைய தண்ணீர் அத்தைக்குப் பிடிக்காது. அதனால் எங்கள் பீலித் தண்ணீரைப் பெரிய பிளாஸ்கில் பிடித்துக்கொண்டு போவேன். கிளாஸ் ஒன்றுதான். பேசமாட்டேன், பேசித்தான் எல்லாம் கெட்டது. ஊற்றுவேன், ஆட்டுக்குக் காட்டுகிற அளவு இல்லாமல் அளவாக. அவர் வாங்கிக் குடித்தால், ஒரு விரல் மிச்சம் வைங்க அத்தை என்று மட்டும் கேட்பேன்.

வைக்கமாட்டார். எனக்குத் தெரியும். கடைசிச் சொட்டையும் குடித்து, கவிழ்த்து, உள்ளங்கையில் தட்டிக் காட்டிவிட்டுத்தான் கிளாஸை நீட்டுவார். பரவாயில்லை. விளிம்பில் அவர் உதடு பட்ட ஈரமாவது இருக்கும். அண்ணாந்து பார்க்காமல், உதடு வைத்தே குடிக்கப் பார்க்கிறேன்.